ஒரே சூத்திரம், இரண்டு விடைகள்: எண் வகை மாற்றப் பிழைகளைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

பைத்தானில் எழுதிச் சரிபார்த்த ஒரு கணக்கைச் சி மொழிக்கு மாற்றுகிறீர்கள். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கும் எளிய சூத்திரம்தான்: 5 / 9 * (ஃபா - 32). பைத்தான் 3-இல் 212 கொடுத்தால் 100 வருகிறது. சியில் அதே 212-க்கு 0 வருகிறது. 50 கொடுத்தாலும் 0, 1000 கொடுத்தாலும் 0. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நிரலும் நடுவில் நிற்கவில்லை.

நிரல் உடைந்து விழுந்தால் எந்த வரியில் விழுந்தது என்றாவது தெரியும். இங்கே எதுவும் உடைவதில்லை, எண் மட்டும் தவறாக இருக்கிறது. புதிதாக நிரல் எழுத வருபவர்கள் இந்த இடத்தில்தான் நாள் கணக்கில் தவிக்கிறார்கள். சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், அதில் தவறே இருக்காது. இதைத் தேட ஒரு வரிசை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகை எங்கே ஒட்டியிருக்கிறது?

தேடுவதற்கு முன் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். சி, ரஸ்ட், ஜாவா போன்ற மொழிகளில் மாறி என்பது அளவு குறித்த பாத்திரம். இது 32 பிட் (அதாவது 0 அல்லது 1 கொள்ளும் 32 இடங்கள்) முழு எண்ணுக்கு, இது 64 பிட் தசம எண்ணுக்கு என்று நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் முடிவு செய்துவிடுகிறது. உள்ளே போகும் எண் பாத்திரத்துக்கு ஏற்ப வெட்டப்படும், அல்லது மாற்றப்படும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி போன்றவற்றில் மாறி என்பது வெறும் பெயர்ச்சீட்டு. வகை அந்த மதிப்போடு ஒட்டியிருக்கிறது. கணக்கு நடக்கும் கணத்தில், நிரலைப் படித்துப் படித்தே ஓட்டும் இன்டர்பிரட்டர் இரண்டு மதிப்புகளையும் பார்த்து, என்ன செய்வது என்று அப்போதுதான் முடிவெடுக்கிறது.

அதனால் கம்பைல் ஆகும் மொழியில் பிழை பெரும்பாலும் நீங்கள் அறிவித்த இடத்தில் இருக்கும். இன்டர்பிரட்டர் மொழியில் மதிப்பு உள்ளே வந்த வழியில் இருக்கும். ஒன்றில் அறிவிப்பு வரிகளைப் படிக்க வேண்டும், மற்றதில் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஆனால் 'இன்டர்பிரட்டர் என்றால் பத்திரம், கம்பைலர் என்றால் ஆபத்து' என்று மனதில் பதித்துக்கொள்ளாதீர்கள். ரூபியும் இன்டர்பிரட்டர் மொழிதான், அதில் 7 / 2 என்பது 3. பைத்தான் 2-இலும் 3 தான். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3-இல்தான் அது 3.5 ஆனது. விதியை எழுதுவது மொழி. ஓட்டும் முறை அதற்கு அடுத்ததுதான்.

படி 1: கையால் போட்ட விடை ஒன்று வேண்டும்

நிரலைத் தொடுவதற்கு முன், சிறிய எண்களை வைத்துத் தாளில் கணக்குப் போட்டு விடையை எழுதிக்கொள்ளுங்கள். 212-க்கு 100, 32-க்கு 0, -40-க்கு -40. கையில் சரியான விடை இல்லாமல் இரண்டு நிரல்களை ஒப்பிட்டால் எது தவறு என்றே தெரியாது. பழைய நிரல் தவறாகவும் புதியது சரியாகவும் இருப்பதும் நடக்கும்.

படி 2: சூத்திரத்தைத் துண்டு போடுங்கள்

ஒரே வரியில் இருக்கும் கணக்கை ஒரு வரிக்கு ஒரு செயலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மதிப்பையும் வகையையும் அச்சிடுங்கள். மேலே சொன்ன சூத்திரத்தில் முதல் துண்டு 5 / 9. அதை மட்டும் அச்சிட்டால் சியில் 0 என்று வந்துவிடும். மர்மம் அங்கேயே தீர்ந்தது. இரண்டு முழு எண்களை வகுத்தால் சி முழு எண்ணையே தரும், மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும்.

இங்கே பலர் செய்யும் முதல் திருத்தம் 'ஃபா' என்ற மாறியைத் தசம வகையாக மாற்றுவது. விடை அப்போதும் 0 தான். ஏனென்றால் 5 / 9 நடக்கும்போது அந்த மாறி கணக்குக்குள் வரவே இல்லை. விடையை வாங்கும் மாறியைத் தசமமாக்கினாலும் பயனில்லை, வகுத்து முடித்த 0 தான் அதற்குள் போகும். மாற்றம் நடக்க வேண்டியது அந்தச் செயலிலேயே: 5.0 / 9 என்று எழுத வேண்டும். 'வகையை மாற்றிவிட்டேனே, ஏன் இன்னும் தவறு?' என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் பதில்.

(ஃபா - 32) * 5 / 9 என்று வரிசையை மாற்றி எழுதினால் 212-க்கு 100 வந்துவிடும். அதை நம்பாதீர்கள். 100 கொடுத்துப் பாருங்கள். 340 / 9 ஆகி 37 என்று நிற்கும், உண்மையான விடை 37.78.

மதிப்பின் வகையைப் பார்க்க பைத்தானில் 'டைப்' ஃபங்ஷன் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் 'டைப்ஆஃப்' இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்ணுக்கும் தசமத்துக்கும் 'நம்பர்' என்ற ஒரே பதிலைத்தான் தரும் என்றாலும், எண்ணா எழுத்தா என்று தெரிந்துகொள்ள அது போதும். சியில் அறிவிப்பைப் படிப்பதுதான் வழி, அளவுக்கு 'சைஸ்ஆஃப்' உதவும்.

படி 3: எண்ணா, எண் போலத் தோன்றும் எழுத்தா?

விசைப்பலகை, கோப்பு, வலைப் படிவம் ஆகியவற்றிலிருந்து வரும் '10' பெரும்பாலும் இரண்டு எழுத்துகள்தான். பைத்தானில் '10' + 5 என்றால் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் '105' வரும். ஆனால் '10' - 5 என்றால் 5 வரும். கழித்தல் சரியாக வருவதால் கூட்டலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவோம். ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனும் தனியாகச் சொல்லாவிட்டால் எண்களை எழுத்தாகவே ஒப்பிடும். 10, 9, 1 கொடுத்தால் 1, 10, 9 என்று வரும்.

வழி எளிது. மதிப்பு நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே எண்ணாக்கிவிடுங்கள். நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், எந்தப் பாதை மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

படி 4: வகுத்தலும் மீதியும்

மைனஸ் எண்களை வகுக்கும்போது மொழிகள் பிரிந்துபோகின்றன. -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் சி -3 என்கிறது, பைத்தான் -4 என்கிறது. சி பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது, பைத்தான் கீழ்நோக்கி இறக்குகிறது. இதோடு மீதியும் மாறும்: -7 % 3 என்பது சியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் -1, பைத்தானில் 2.

இதில் நான் இரண்டு நாள் இழந்திருக்கிறேன். வட்டமாகச் சுற்றும் ஒரு பட்டியலில் முந்தைய இடத்தை எடுக்க (இடம் - 1) % 5 என்று பைத்தானில் எழுதியிருந்தேன். இடம் 0 என்றால் 4 வரும், அழகாகச் சுற்றும். அதே வரியைச் சியில் வைத்தபோது -1 வந்தது. பட்டியலுக்கு முன்னால் இருந்த நினைவகத்தை நிரல் படித்தது. அங்கே பெரும்பாலும் பொருத்தமாகத் தோன்றும் ஏதோ ஒரு எண் இருந்ததால் விடை எப்போதாவதுதான் கோணலாகும். இப்போது சியில் (இடம் - 1 + 5) % 5 என்று எழுதுகிறேன், அது எந்த மொழியிலும் ஒரே விடை தரும்.

படி 5: பாத்திரம் நிரம்பினால் என்ன ஆகும்?

வகை மாற்றப் பிழைகளில் மிக வளமான பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பைத்தானின் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை, நினைவகம் உள்ளவரை வளரும். சியின் வழக்கமான 32 பிட் முழு எண் 2147483647-இல் முடிகிறது. அதற்கு மேல் ஒன்று கூட்டினால்? ஜாவாவில் சுற்றிக்கொண்டு -2147483648 ஆகும், இது மொழி கொடுக்கும் உறுதி. ரஸ்டில் சோதனைக்காகக் கட்டும்போது நிரல் பிழை காட்டி நிற்கும், வெளியீட்டுக்காகக் கட்டும்போது இயல்பாகச் சுற்றிக்கொள்ளும். சியில் குறியுள்ள எண் (மைனஸாகவும் இருக்கக்கூடியது) வழிந்தால் என்ன ஆகும் என்று மொழி வரையறுக்கவே இல்லை.

'வரையறுக்கவில்லை' என்பதை 'சுற்றிக்கொள்ளும்' என்று படிக்காதீர்கள். வழிதல் நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொள்ள கம்பைலருக்கு உரிமை உண்டு என்பதுதான் பொருள். வழிதலைக் கண்டுபிடிக்க 'எ + 1 < எ' என்றால் நிறுத்து என ஒரு சோதனை எழுதுகிறீர்கள். வேகப்படுத்தும் தேர்வோடு கட்டும்போது, இது ஒருபோதும் உண்மையாகாது என்று சொல்லி அந்தச் சோதனையையே கம்பைலர் எடுத்துவிடலாம். வேகப்படுத்தாமல் கட்டிச் சோதித்தால் வேலை செய்யும், வெளியீட்டில் வேலை செய்யாது. கூட்டுவதற்கு முன்பே 'எ' உச்ச வரம்பில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

இன்டர்பிரட்டருக்கும் கம்பைலருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நிரலில் பார்க்க ஆசையா? 21-இன் காரணீயப் பெருக்கத்தை, அதாவது 1 முதல் 21 வரை பெருக்குவதை, பைத்தானில் எழுதுங்கள். 51090942171709440000 வரும். அதே ஃபங்ஷனை, பைத்தானைக் கம்பைல் செய்யும் 'நம்பா' என்ற கருவி கொண்டு கம்பைல் செய்து ஓட்டுங்கள். -4249290049419214848 வரும். ஒரு எழுத்துகூட மாறவில்லை. நம்பா அந்த மாறியை 64 பிட் முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. அதன் உச்சம் 9223372036854775807. 20 வரை அதற்குள் அடங்கும், 21 அடங்காது. பைத்தானில் எண் வரிசைகளைக் கையாளும் 'நம்பை' என்ற நூலகத்தின் 64 பிட் அடுக்கில் பெருக்கினாலும் இதே மைனஸ் எண்தான், எச்சரிக்கையும் வராது. ஏனென்றால் நம்பையின் உள்ளே ஓடுவது கம்பைல் ஆன சி. நீங்கள் எழுதுவது பைத்தானாக இருந்தாலும் கணக்கு நடப்பது பாத்திரத்துக்குள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. இரண்டு படங்களின் சராசரி எடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு புள்ளியின் வெளிச்சம் 200, இன்னொன்றில் 100. இரண்டும் 8 பிட் எண்கள், 255 வரைதான் கொள்ளும். நம்பையில் இரண்டு 8 பிட் அடுக்குகளைக் கூட்டினால் 300 கொள்ளாமல் 44 ஆகும், இரண்டால் வகுத்தால் 22. சியில் அதே 8 பிட் மாறிகளை (அ + ஆ) / 2 என்று எழுதினால் 150 என்று சரியாக வரும். கணக்குக்கு முன் சிறிய எண்களை வழக்கமான முழு எண் அளவுக்கு உயர்த்திக்கொள்ளும் விதி சியில் இருக்கிறது. இங்கே கம்பைலர் மொழி காப்பாற்றியது, பைத்தான் பக்கம் ஏமாற்றியது. நம்பையில் கூட்டும் முன் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சியின் அந்த 'வழக்கமான அளவு'ம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறிய மின்னணுப் பலகையில் அது 16 பிட்தான். சென்சாரிலிருந்து வந்த 40-ஐ 1000-ஆல் பெருக்கி 40000 எதிர்பார்த்தால் -25536 வரலாம். 'லாங்' வகை 64 பிட் விண்டோஸில் 32 பிட், லினக்ஸில் 64 பிட். நம்பையும் 2024-இல் வந்த 2.0 பதிப்பு வரை இதையே பின்பற்றியதால், ஒரே பைத்தான் நிரல் விண்டோஸில் வழிந்து லினக்ஸில் வழியாமல் இருந்தது. அளவு முக்கியம் என்றால் 32, 64 என்று பெயரிலேயே அளவு உள்ள வகைகளைப் பயன்படுத்துங்கள்.

படி 6: குறியுள்ளதும் குறியற்றதும் ஒரே வரியில் சந்தித்தால்

சியில் -1-ஐயும் குறியற்ற (மைனஸாக முடியாத வகையிலுள்ள) 1-ஐயும் ஒப்பிட்டு எது சிறியது என்று கேட்டால், -1 பெரியது என்று பதில் வரும். ஒப்பிடுவதற்கு முன் -1 குறியற்றதாக மாற்றப்பட்டு 4294967295 ஆகிவிடுகிறது. நடைமுறையில் இது பட்டியலின் நீளத்தில்தான் கடிக்கும். நீளம் குறியற்ற வகை. காலிப் பட்டியலில் 'நீளம் - 1' என்பது -1 அல்ல, அந்த வகையின் உச்ச எண். அதுவரை சுற்ற வேண்டும் என்று எழுதிய லூப் நிற்காமல் ஓடும். பைத்தானிலிருந்து வருபவர்களுக்கு இப்படி ஒரு வகை இருப்பதே புதிது என்பதால், அறிவிப்புகளைப் படிக்கும்போது 'அன்சைன்ட்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தனியாக ஒரு சுற்றுத் தேடுங்கள்.

படி 7: தசமத்திலிருந்து முழு எண்ணுக்கு

0.29 * 100 எவ்வளவு? பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி எல்லாவற்றிலும் 64 பிட் தசமத்தில் இது 28.999999999999996. வெட்டி முழு எண்ணாக்கினால் 28. இந்தப் பிழையில் மொழிகளுக்குள் சண்டையே இல்லை, எல்லாம் சேர்ந்தே தவறும். 0.29-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததுதான் காரணம். வெட்டாதீர்கள், அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுமையாக்குங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: 2.5-ஐ முழுமையாக்கினால் பைத்தான் 3-இல் 2 வரும், சியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 3. -2.5-க்குச் சியில் -3, மற்ற இரண்டிலும் -2.

எண் பாத்திரத்துக்கே அடங்காததாக இருந்தால் விடைகள் சிதறிவிடும். 3000000000.0 என்ற தசமத்தை 32 பிட் முழு எண்ணாக்குங்கள். ஜாவாவும், 2020-இல் வந்த 1.45 பதிப்பிலிருந்து ரஸ்டும் 2147483647 என்று உச்சத்தில் நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்டில் தசமத்தை வெட்ட பலர் பயன்படுத்தும் '| 0' குறுக்குவழி -1294967296 தரும். சியில் இதுவும் வரையறுக்கப்படாத செயல். இன்டெல் வகைச் சிப்பில் ஓடும்போது பெரும்பாலும் -2147483648, ஆர்ம் சிப்பில் 2147483647. கம்பைலர் கட்டும் நேரத்திலேயே விடையைக் கணக்கிட்டு வைத்துவிட்டால், ஓடும்போது வருவதற்கு மாறான ஓர் எண்ணும் கிடைக்கலாம்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1996 ஜூன் 4-இல் நடந்தது சாட்சி. ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. அதன் உச்சம் 32767. அந்த நிரல் ஏரியன் 4-இலிருந்து வந்தது, அங்கே அந்த எண் அவ்வளவு உயரவே உயராது. ஏரியன் 5 வேறு பாதையில், அதிக வேகத்தில் போனது. மாற்றம் தோற்றது, வழிகாட்டும் கணினி நின்றது, புறப்பட்ட 40 வினாடிகளுக்குள் ராக்கெட் திசை மாறிச் சிதறியது. எழுதப்பட்ட மொழி அடா, வகைகளில் மிகக் கண்டிப்பானது. மொழி பிழையைக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்பது அந்த மாற்றத்துக்கு எழுதப்படவில்லை.

படி 8: எல்லை தாண்டும் எண்கள்

ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எண் மெலியலாம். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் 64 பிட் தசமம், 9007199254740992 வரை மட்டுமே முழு எண்களை ஒன்றுவிடாமல் பிடிக்கும். தரவுத்தளத்தில் 9007199254740993 என்ற அடையாள எண் இருந்து, அது ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) வழியாக உலாவிக்குப் போனால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அப்புறம் பயனர் வேறொருவருடைய பதிவைத் திறப்பார். அடையாள எண்ணை எழுத்தாக அனுப்புங்கள். அதைக் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை.

32 பிட் தசமம் இன்னும் சிறியது. 16777216-உடன் 1 கூட்டினால் அதே 16777216 தான். சியில் 32 பிட் 0.1-ஐயும் 64 பிட் 0.1-ஐயும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். கடைசி இலக்கங்கள் மட்டும் மாறினால் பதற வேண்டாம். பெருக்கலையும் கூட்டலையும் கம்பைலர் ஒரே செயலாகச் சேர்த்துச் செய்திருக்கலாம், அப்போது நடுவில் ஒரு முழுமையாக்கல் குறையும். தசமங்களை ஒப்பிடும்போது எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவு வைத்து ஒப்பிடுங்கள்.

படி 9: கருவிகளைப் பேச வையுங்கள்

ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு சி கம்பைலர்களிலும் 'டபிள்யூ ஆல்' என்ற தேர்வு எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் என்று பெயரை வைத்து நினைத்துக்கொள்கிறோம். அளவு குறையும் மாற்றங்களை அது காட்டாது. 'டபிள்யூ கன்வெர்ஷன்' என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய நிரலில் இதை இயக்கினால் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும். சலித்து அணைத்துவிடாமல், சந்தேகப்படும் ஒரு கோப்புக்கு மட்டும் இயக்கிப் படியுங்கள்.

ஓடும்போது வழிதலைப் பிடிக்க இந்தக் கம்பைலர்களில் 'யூபிசான்' என்ற சோதனைக் கருவி இருக்கிறது. அதோடு கட்டிய நிரல் எந்த வரியில், எந்த எண் வழிந்தது என்று சொல்லும். ஜிசிசியில் தசமம் முழு எண்ணாக மாறும் சோதனை அதில் இயல்பாகச் சேராது, 'ஃப்ளோட் காஸ்ட் ஓவர்ஃப்ளோ' என்று தனியாகக் கேட்க வேண்டும். நம்பா பயன்படுத்தினால், கம்பைலை அணைத்துச் சாதாரண பைத்தானாக ஒரு முறை ஓட்டி இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். வேறு எந்த வழியையும்விட வேகமாக இது பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, ஒரு சிறிய கோப்பில் இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 0, 1, -1, -7, 2.5, -2.5, 0.29, 127, 128, 255, 256, 32767, 32768, 16777217, 2147483647, 2147483648, 9007199254740993. ஒரு கணக்கை வேறு மொழிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிரல்களிலும் இவற்றைக் கொடுத்து, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபடும் முதல் எண் எது என்று தெரிந்தால் எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 128-இலோ 256-இலோ பிரிந்தால் எங்கோ ஒரு 8 பிட் மாறி இருக்கிறது. -7-இல் பிரிந்தால் வகுத்தல். 2147483648-இல் பிரிந்தால் ஐந்தாம் படியை மறுபடி படியுங்கள்.